இடது காலுக்கு வேலை வந்தாச்சு!

வீட்டுக்குள் கார்ப் பந்தயம் விடும் வாலிபர்களின் பிரேக் வித்தை

"தம்பி! இடது காலை எடு! அது கிளட்சுக்கு மட்டும்தான்!"

கார் ஓட்டப் படித்தவர்கள் எல்லோரும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போடும் சத்தம் இது. வலது கால் ஆக்சிலேட்டருக்கு. அதே வலது கால்தான் பிரேக்குக்கும். இடது கால் கிளட்சைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

ஆனால் ராத்திரி 10 மணிக்கு மேல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இடது காலால் பிரேக் போடுவதற்கு மெனக்கெட்டுப் பழகுகிறார்கள்!

கார் எங்கே? கார் கிடையாது. எல்லாம் டி.வி. பெட்டிக்கு முன்னால்தான்.

என்ன விளையாட்டு?

ஒரு கம்ப்யூட்டர், அல்லது பிளேஸ்டேஷன் மாதிரி ஒரு விளையாட்டுப் பெட்டி. மேஜை விளிம்பில் திருகி வைத்த ஒரு ஸ்டீயரிங். தரையில் ஒரு பலகை. அந்தப் பலகையில் இரண்டு பெடல், அல்லது மூன்று பெடல். இவ்வளவுதான் சாமான்.

சின்னப் பிள்ளை பொம்மை என்று நினைக்க வேண்டாம். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது கையை எதிர்த்துத் தள்ளுகிறது. சக்கரம் வழுக்கினால் கை லேசாகி விடுகிறது. பிரேக்கை அமுக்கினால், எவ்வளவு அமுக்கினீர்கள் என்று நூற்றுக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில் விளையாட்டு எடுத்துக்கொள்கிறது. பாதி அமுக்கினால் பாதி பிரேக். ஒரேயடியாக மிதித்தால் டயர் பூட்டிக்கொண்டு, கார் நேராகப் போய்ச் சுவரில் முட்டும்.

ஸ்டீயரிங் வைத்த விளையாட்டு இன்று நேற்று வந்தது அல்ல. 1974-லேயே அமெரிக்காவில் அடாரி கம்பெனி 'கிரான் டிராக் 10' என்ற காசு போட்டு ஆடும் மெஷினை இறக்கியது. அதிலேயே ஸ்டீயரிங், கியர், ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாம் இருந்தன. 1989-ல் அதே அடாரி விட்ட 'ஹார்ட் டிரைவிங்' மெஷினில் கிளட்ச் பெடலும் வந்தது. 1997-ல் ஜப்பானில் 'கிரான் டுரிஸ்மோ' வந்தது. அது வீட்டுக்குள்ளேயே நிஜக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு 2008-ல் 'ஐரேசிங்', 2014-ல் இத்தாலிக்காரர்களின் 'அசெட்டோ கோர்சா' என்று ஒன்றை ஒன்று விஞ்சிக்கொண்டு போயின. டயர் சூடு, பிரேக் சூடு வரைக்கும் கணக்குப் பார்க்கிற விளையாட்டுகள் இப்போது இருக்கின்றன.

சும்மா கிடக்கும் கால்

சரி, இடது கால் எதற்கு பிரேக்குக்குப் போகிறது?

இந்த விளையாட்டுகளில் வரும் புதிய பந்தயக் கார்களுக்குக் கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை. ஸ்டீயரிங்கின் முதுகுப் பக்கத்தில் இரண்டு தகடு இருக்கும். வலது தகட்டை விரலால் இழுத்தால் கியர் ஏறும். இடது தகட்டை இழுத்தால் இறங்கும். ஆக, இடது காலுக்கு வேலை இல்லை. வலது கால் மட்டும் இங்கேயும் அங்கேயும் ஓடி ஓடி இரட்டை வேலை பார்க்கிறது.

ஒருவர் சும்மா இருக்க, இன்னொருவர் மூச்சு வாங்குவானேன்? அதுதான் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். கார் 200 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நொடியில் அது 55 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆக்சிலேட்டரில் இருந்து வலது காலைத் தூக்கி பிரேக்குக்குக் கொண்டுபோக, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் சிமிட்டுகிற நேரம்! அதற்குள் கார் 11 மீட்டர் போய்விடும். ஏறத்தாழ ஒரு டவுன் பஸ் நீளம்!

அந்த ஒரு பஸ் நீளத்துக்கு ஆக்சிலேட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை. கார் வெறுமனே உருள்கிறது. இடது கால் முன்கூட்டியே பிரேக் மேல் காத்திருந்தால், இந்த உருளல் மிச்சம்.

இதை வைத்து, "வளைவுக்கு ஒரு பஸ் நீளம் முந்தலாம்" என்று சிலர் அளக்கிறார்கள். அது கப்சா. உருள்கிற நேரத்தில் கார் நின்றா போகிறது? வேகம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். ஒரு வளைவுக்கு மிச்சமாவது மிகச் சிறு துளி. ஆனால் ஒரு சுற்றில் 15 வளைவு, பந்தயத்தில் 20 சுற்று என்றால் துளி சேர்ந்து ஒரு செம்பு ஆகும்.

நேரத்தை விடப் பெரிய லாபம் வேறொன்று உண்டு. அது எடை.

பஸ்ஸில் நின்றால் தெரியும்

பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றிருக்கிறீர்களா? டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். பிரேக்கை விட்டால் பின்னால் சாய்வார்கள். கண்டக்டர் மட்டும் சாய மாட்டார். அது வேறு விஷயம்.

காரின் எடையும் அப்படித்தான் சாய்கிறது. பிரேக் போட்டால் எடை முன் டயர் மேல் வந்து விழும். அமுக்கம் கூடக் கூட டயர் ரோட்டைப் பிடிக்கும். திருப்பினால் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். பிரேக்கைப் பட்டென்று விட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும். முன் டயர் லேசாகி, கார் வளைவுக்கு வெளியே ஓடும்.

அதனால் கெட்டிக்காரப் பந்தயக்காரர் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை ஒரேயடியாக விடுவது இல்லை. பழத்தை நசுக்காமல் பிடிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே திருப்புவார். பிரேக் முழுதாக விட்ட அதே நொடியில் மறுகால் ஆக்சிலேட்டரைத் தொட்டுவிடும். நடுவில் இடைவெளி இல்லை. கார் ஊஞ்சல் ஆடாது.

இரண்டு காலுக்கும் தனித்தனி வேலை இருந்தால் இது சுலபம். ஒற்றைக் காலால் செய்வது கஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. முழு வேகத்தில் போகிற சில வளைவுகளில் காலை எடுக்கவே மனசு வராது. எடுக்காவிட்டால் கார் லேசாக வெளியே ஓடும். அந்த மாதிரி இடத்தில் ஆக்சிலேட்டரை விடாமலே, இடது காலால் பிரேக்கை ஒரு தொடு தொட்டு விடுகிறார்கள். மூக்கு லேசாகக் குனிகிறது. கார் திரும்பிவிடுகிறது.

பனியில் பிறந்த வித்தை

வீடியோ விளையாட்டுப் பையன்கள் கண்டுபிடித்தது அல்ல இது. வடக்கு ஐரோப்பாவில், பனி மூடிய காட்டுப் பாதையில் பிறந்த வித்தை.

1960-களில் பின்லாந்துக்காரர்களும் சுவீடன்காரர்களும் 'ராலி' பந்தயங்களைக் கலக்கினார்கள். சுவீடனின் எரிக் கார்ல்சன் சாப் காரில் 1962, 1963 இரண்டு வருஷமும் மாண்டே கார்லோ ராலியை ஜெயித்தார். பின்லாந்தின் டிமோ மாக்கினன் 1965-லும், ராவ்னோ ஆல்டோனன் 1967-லும் மினி கூப்பர் காரில் அதே ராலியை ஜெயித்தார்கள். மினி என்றால் நிஜமாகவே மினி. நாலு பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். அதை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கார்களைத் தோற்கடித்தார்கள்.

எப்படி? மினியும் சாபும் முன் சக்கரத்தில் இழுக்கும் கார்கள். பனியில் திருப்பினால் திரும்பாது, நேராகவே வழுக்கும். பின்லாந்துக்காரர்கள் வலது காலால் ஆக்சிலேட்டரை அமுக்கியபடியே, இடது காலால் பிரேக்கையும் போட்டார்கள். முன் சக்கரத்தை எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் அது பூட்டிக்கொள்ளாது. பின் சக்கரத்தைச் சுற்ற ஆள் இல்லை. அது பிரேக்குக்கு மாட்டிக்கொண்டு வழுக்கும். காரின் வால் வெளியே வீசும். மூக்கு தானாக வளைவுக்குள் போகும்!

மாடு வாலைச் சுழற்றினால் தலை எந்தப் பக்கம் போகும்? அந்தக் கணக்குத்தான்.

பிறகு 1980-களில் டர்போ எஞ்சின் வந்தது. அதில் ஒரு சங்கடம். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி அமுக்கினால், எஞ்சின் சக்தி வரக் கொஞ்சம் தாமதமாகும். ஜெர்மனியின் வால்ட்டர் ரோரல் ஆடி குவாட்ரோ காரில் இடது காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு, வலது காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுக்காமல் ஓட்டினார். டர்போ தூங்கவே இல்லை. அவர் கால் மட்டும் தெரியும்படி எடுத்த படம் ஒன்று உண்டு. பார்த்தால் தாளத்துக்கு ஆடும் பரதநாட்டியக் கால் மாதிரி இருக்கும்.

'ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி', 'டர்ட் ராலி' போன்ற விளையாட்டுகளில் பையன்கள் பழகுவது இந்தப் பனிக்கால் வித்தையைத்தான்.

ரகசியப் பெடல்! துப்பறிந்த போட்டோக்காரர்!

பந்தயக் காரின் பெடலைப் பற்றி ஒரு துப்பறியும் கதையே இருக்கிறது. கதை என்றால் கட்டுக்கதை அல்ல, நடந்தது.

1997 செப்டம்பர். ஆஸ்திரியாவில் பார்முலா ஒன் பந்தயம். டேரன் ஹீத் என்ற போட்டோகிராபர் ஓர் அதிசயத்தைப் பார்த்தார். மெக்லாரன் காரின் பின் பிரேக் தட்டு செக்கச் செவேல் என்று ஒளிர்கிறது. பிரேக் போட்டால் தட்டு சூடேறிச் சிவக்கும், அது சகஜம். ஆனால் இது சிவந்த இடம் வளைவு முடிந்து வேகம் எடுக்க வேண்டிய இடம்! அங்கே யாராவது பிரேக் போடுவார்களா?

ஏதோ நடக்கிறது என்று மனுஷனுக்குப் பொறி தட்டியது. காருக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? கிட்டே விட மாட்டார்கள். சமயம் பார்த்துக் காத்திருந்தார்.

ஒரே வாரத்தில் சமயம் வந்தது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் அடுத்த பந்தயம். முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு மெக்லாரன் கார்களும் எஞ்சின் கோளாறால் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிரைவர் இறங்கிப் போய்விட்டார். ஹீத் விறுவிறு என்று நடந்து, காருக்குள் கேமராவைத் தலைகுப்புற விட்டு, கால் வைக்கும் இடத்தைப் படம் எடுத்தார். பிலிம் காலம் அது. கழுவிப் பார்த்தால்தான் படம் விழுந்ததா இல்லையா என்றே தெரியும்.

விழுந்திருந்தது. இருக்க வேண்டியதை விட ஒரு பெடல் கூடுதலாக இருந்தது!

அந்தப் பெடலை மிதித்தால் பின் சக்கரம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். உள் பக்கச் சக்கரம் இழுத்துப் பிடிக்க, கார் அந்தப் பக்கமே வளையும். படகில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் ஊன்றினால் படகு திரும்புமே, அதே தந்திரம். ஆக்சிலேட்டரை விடாமலே காரைத் திருப்பலாம். படம் ஒரு பந்தயப் பத்திரிகையில் வந்தது. பரபரப்போ பரபரப்பு!

1998-ல் முதல் பந்தயம் ஆஸ்திரேலியாவில். மெக்லாரன் முதல் இரண்டு இடத்தையும் சுருட்டியது. பெராரி கம்பெனி புகார் கொடுத்தது. அடுத்து பிரேசில் பந்தயத்தில், "இது பிரேக் அல்ல, இன்னொரு ஸ்டீயரிங்" என்று சொல்லி அதிகாரிகள் தடை போட்டார்கள். மெக்லாரன் பெடலைக் கழற்றிவிட்டு ஓட்டியது. அப்படியும் முதல் இரண்டு இடம் அவர்களுக்கே! கழற்றச் சொன்னவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோகிராபர் என்றால் ஹீத் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பார்முலா ஒன்னில் இடது கால் பிரேக்குக்கு நிரந்தரமாக வந்ததற்கு வேறு காரணம். 1989-ல் பெராரி, கியரை ஸ்டீயரிங் தகட்டுக்குக் கொண்டுவந்தது. போகப் போக மற்றவர்களும் பின்பற்றினார்கள். கிளட்ச் பெடல் தரையில் இருந்தே மறைந்து கைக்குப் போனது. மிச்சம் இரண்டே பெடல். சின்ன வயதில் 'கார்ட்' வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. அந்த வண்டியில் ஆரம்பத்தில் இருந்தே இடது பக்கம் பிரேக், வலது பக்கம் ஆக்சிலேட்டர்தான். இருந்தாலும் பிரேசிலின் ரூபன்ஸ் பாரிசெல்லோ மாதிரி நெடுங்காலம் வலது காலை விடாதவர்களும் உண்டு. பழக்கம் அப்படி!

நாற்காலி ஓடுது!

வீட்டுக்கு வருவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வாலிபர் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் பழைய ஸ்டீயரிங் செட் ஒன்று வாங்கினார். வீட்டில் உருளைச் சக்கரம் வைத்த நாற்காலி. தரை வழுவழு டைல்ஸ்.

பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. நாற்காலி பின்னால் போனது!

அவர் நாற்காலிக் காலையும் மேஜைக் காலையும் கொடிக் கயிற்றால் சேர்த்துக் கட்டினார். "டேய், துணி காயப்போடுற கயிறு எங்கேடா?" என்று அம்மா தேடிக்கொண்டு வந்து பார்த்தால், பிள்ளை நாற்காலியோடு கட்டுண்டு கிடக்கிறார்.

சிரிப்பாக இருந்தாலும் இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மலிவான பெடலில் பிரேக்குக்கு உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங். பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் மெஷின் அளக்கும். நிஜக் கார் அப்படி இல்லை. அதில் பெடல் அதிகம் நகராது. எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்பதுதான் கணக்கு. பார்முலா ஒன் டிரைவர் ஒரு பெரிய பிரேக்குக்கு 100 கிலோவுக்கு மேல் அமுக்குகிறார். மூட்டை தூக்குகிற வேலை! விலை கூடிய பெடல்களில் 'லோட் செல்' என்று ஒரு பொருள் வைக்கிறார்கள். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் அதே ஜாதிதான். அது தூரத்தை விட்டுவிட்டு அமுக்கத்தை எடை போடும்.

நம் காலுக்குத் தூரத்தை விட அமுக்கம்தான் நன்றாக ஞாபகம் இருக்கும். அதனால் லோட் செல் வைத்தவர்கள் சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி பிரேக் போடுகிறார்கள். ஆனால் தரையோடு இறுக்கி வைக்காத பெடலுக்கு இந்தச் சாமான் தண்டம். அமுக்க அமுக்கப் பலகை சுவரைப் பார்த்து ஓடும். சுவரில் முட்டுக் கொடுத்தோ, மரச் சட்டத்தில் திருகியோ வைக்க வேண்டும்.

மூன்று பெடல் செட்டில் பிரேக் நடுவில் இருக்கும். இடது காலைக் குறுக்கே கொண்டுபோனால் முட்டி வலிக்கும். சில செட்டுகளில் பெடல் முகத்தைத் திருகைக் கழற்றி இடது பக்கமாக நகர்த்திப் பூட்டலாம். அல்லது பலகை மொத்தத்தையும் இடது பக்கம் தள்ளி வைத்தால், பிரேக் இடது காலுக்கு நேராக வந்துவிடும். நிஜக் காரில் ஸ்டீயரிங் தண்டு கால் நடுவில் இறங்கி இடிக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

செருப்பு, ஷூ வேண்டாம். வெறுங்கால், அல்லது மெல்லிய காலுறை. பந்தயக்காரர்கள் போடும் பூட்சே, உள்ளங்காலுக்குப் பெடல் தெரிய வேண்டும் என்று மெல்லிய அடி வைத்ததுதான்.

முரட்டுக் கால்

இடது காலை முதல் தடவை பிரேக்கில் வைப்பவருக்கு என்ன ஆகும்? நடு ரோட்டில் கார் நட்டு வைத்த மாதிரி நிற்கும். பின்னால் வருகிற கார் வந்து மோதும்.

வலது காலை விட இடது கால் முரடாக இருப்பதற்குக் காரணம் கிளட்ச். கிளட்சை அமுக்கும்போது அளவு பார்ப்பது இல்லை, அடி வரைக்கும் ஒரே மிதி. வருஷக் கணக்கில் அப்படியே பழகிய கால், பிரேக்கையும் கிளட்ச் என்று நினைத்து மிதிக்கிறது. வலது கையால் எழுதுகிறவர் இடது கையில் பேனா பிடித்த கதை. கார் ஓட்டவே தெரியாத பையன் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறான். பத்து வருஷம் ஓட்டிய டிரைவர்தான் திண்டாடுகிறார்.

பழகுவதற்கு வழி இருக்கிறது. வேறு கார் இல்லாத காலி ஓடுதளம். வேகம் குறைந்த கார். கியரை ஆட்டோமேட்டிக்கில் போட்டுவிட வேண்டும். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, கணுக்கால்தான் அசைய வேண்டும். (லோட் செல் பெடல் என்றால் தொடையில் இருந்தே அமுக்க வேண்டி வரும்.) பெரும்பாலான விளையாட்டில் திரை ஓரத்தில் இரண்டு கோடு ஏறி இறங்கும். பச்சை ஆக்சிலேட்டர், சிவப்பு பிரேக். சிவப்புக் கோட்டை நூற்றுக்கு 20-ல் நிறுத்து, பிறகு 40, பிறகு 60 என்று காலுக்கு ஏற்ற இறக்கம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அடிப்பதை விட, மெல்ல விடுவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

முதல் சில நாள் சுற்று நேரம் கண்டிப்பாகக் கூடும். "வலது காலே தேவலை" என்று தோன்றும். அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பழகிய பிறகும் ஒரு திருட்டுத்தனம் ஒட்டிக்கொள்ளும். இடது கால் ஓய்வு எடுக்கிறேன் என்று பிரேக் மேலேயே லேசாக உட்கார்ந்திருக்கும். ஆளுக்குத் தெரியாது. நேர் ரோட்டில் கார் ஏன் இழுக்க மாட்டேன் என்கிறது என்று புலம்புவார். பிரேக் சூடாகி, டயர் தேய்ந்து, பெட்ரோலும் சேர்ந்து போகும். திரையில் சிவப்புக் கோடு அரிசி அளவு எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறதா என்று பார்த்தால் திருடன் பிடிபடுவான். பெடலின் முதல் சில பங்கு அமுக்கத்தைக் கணக்கில் எடுக்காதே என்று விளையாட்டிடம் சொல்லி வைக்கவும் வசதி உண்டு. ஆனால் காலைத் திருத்துவதே நல்லது.

எல்லாக் காருக்கும் இந்த வித்தை ஒத்து வராது. 1960-களின் பழைய கார்களை எடுத்துக்கொண்டால் கையால் கியர் போட வேண்டும், இடது கால் கிளட்சுக்குத் திரும்பியாக வேண்டும். அங்கே வலது கால் முன்பாதத்தால் பிரேக், அதே காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டர் என்று வேறு கூத்து ஆட வேண்டும்.

ரோட்டுக்கு வந்தால்?

இவ்வளவு நேரம் விளையாட்டு. இனிமேல் விளையாட்டு இல்லை.

ராத்திரி இரண்டு மணி நேரம் இடது காலால் பிரேக் போட்ட ஆள், காலையில் கார் சாவியை எடுக்கிறார். கிளட்ச் வைத்த கார். திடீரென்று ஆட்டோ குறுக்கே வருகிறது. யோசிக்க நேரமில்லை. கால்தான் முடிவு செய்யும். எந்தக் கால், எந்தப் பெடல்?

காலுக்கு ஞாபகம் உண்டு என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. 1955-ல் இங்கே தொழில் தொடங்கிய என்பீல்டு கம்பெனியின் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! மற்ற பைக்கெல்லாம் நேர்மாறு. புல்லட்டை ஓட்டிவிட்டு நண்பனின் பைக்கை இரவல் வாங்கியவர், அவசரத்தில் இடது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர் மாறும். பைக் வைத்திருந்தவர் புல்லட்டில் ஏறினாலும் இதே கூத்துத்தான். புது புல்லட்டில் பிரேக்கை மற்ற பைக் மாதிரியே வலது பக்கம் மாற்றிவிட்டார்கள். பழசை வைத்திருப்பவர்கள் இன்றும் இரவல் கொடுக்கும் முன், "பிரேக் இந்தப் பக்கம் சார், பார்த்து" என்று இரண்டு தடவை சொல்லித்தான் சாவியைத் தருவார்கள்.

கிளட்ச் காரில் இடது கால் பிரேக்குக்குப் போனால் இரண்டு கேடு. ஒன்று, கிளட்சை அமுக்க ஆள் இல்லை, எஞ்சின் முக்கி நின்றுவிடும். இரண்டு, முரட்டுக் கால் முழு மிதி மிதித்தால் பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரர் உங்கள் டிக்கியில் வந்து விழுவார். அவருக்கு சீட் பெல்ட் கிடையாது.

"என் கார் ஆட்டோமேட்டிக். கிளட்சே இல்லை. இரண்டே பெடல், பந்தயக் கார் மாதிரியேதான்" என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்கும் டிரைவிங் ஸ்கூலில் சொல்வது வலது கால் மட்டும்தான். காரணம் இருக்கிறது. பதறினால் மனுஷன் இரண்டு காலையும் விறைப்பாக நீட்டுவான். ஒரு கால் ஒரு பெடல் மேலும், மறு கால் மறு பெடல் மேலும் தயாராக இருந்தால் இரண்டும் சேர்ந்து அமுங்கும். பந்தயக்காரரை சீட்டோடு பெல்ட் இறுக்கிக் கட்டியிருக்கிறது. கால் மட்டும்தான் அசையும். நம்மை அப்படிக் கட்டவில்லை. பிரேக் போட்டால் உடம்பே முன்னால் போகிறது, உடம்போடு காலும் போகிறது. இடது கால் பிரேக் மேல் சும்மா சாய்ந்திருந்தாலும் பின் விளக்கு எரிந்துகொண்டே வரும். நிஜமாக எப்போது நிற்கப் போகிறார் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இப்போது வரும் பல கார்களில் இரண்டு பெடலையும் சேர்த்து அமுக்கினால், கம்ப்யூட்டரே எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடுகிறது. பின்லாந்துக்காரர் பனியில் செய்த வித்தையைத் தெருவில் செய்து பார்க்க நினைத்தாலும் கார் ஒத்துழைக்காது.

பாத்திரக் கடை வாலிபர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். வீட்டில் ஆடும்போது வெறுங்கால். ரோட்டில் காரை எடுக்கும்போது கட்டாயம் ஷூ. ஷூ மாட்டினால் காலுக்கு வேறு ஞாபகம் வருகிறதாம். முதலாளியின் காரை எடுத்ததும், தெரு முனை வரைக்கும் இரண்டு தடவை சும்மா கிளட்சை மிதித்துப் பார்த்துக்கொள்கிறாராம்.

காரிலேயே இடது காலுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பல பேர் கவனித்திருக்க மாட்டார்கள். கிளட்சுக்கு இடது பக்கம், ஒரு பாத அளவுக்குச் சாய்வாக ஒரு மேடை இருக்கும். ஆட்டோமேட்டிக் காரிலும் இருக்கும். பார்க்கப் பெடல் மாதிரியே இருக்கும். 'டெட் பெடல்' என்று பெயர். எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் ஆகாது.